மாமனாரோடு பள்ளிக்கூடம் பார்க்கப் போனேன்

முதல் பள்ளிக்கூடத்தில் மாமனார் செய்த முதல் காரியம் குழாயைத் திறந்து தண்ணீர் குடித்தது. தாளாளர் எங்களை வரவேற்று, கணினி அறை எங்கே, நூலகம் எங்கே என்று கையை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். இவர், "ஒரு நிமிசமுங்க" என்று சொல்லிவிட்டு, துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு குனிந்து, இரண்டு கைகளையும் குவித்துத் தண்ணீரைப் பிடித்து வாயில் ஊற்றிக்கொண்டார். உடனே விழுங்கவில்லை. கன்னம் உப்ப வைத்திருந்து, கண்ணை மூடி யோசித்து, பிறகுதான் தொண்டைக்கு அனுப்பினார். தாளாளரும் நானும் தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவர்களைப் போல நின்றோம். "பள்ளிக்கூடம் ரொம்ப நல்லாத்தானுங்க இருக்குது. தண்ணி மட்டும் லேசா உப்பாட்ட இருக்குதுங்க. ஆகட்டுங்க, வாரோமுங்க" என்று கும்பிட்டார். வெளியே வந்து அவர் மொபெட்டை உதைத்துக் கிளப்பியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இனி இந்தப் பக்கம் அவர் தலைவைத்தும் படுக்கமாட்டார் என்று.

மாமனாருக்கு 'வேண்டாம்' என்ற சொல் வராது. பந்தியில் மூன்றாம் முறை சோறு போட வருகிறவரிடம்கூட, "போடுங்க, பரவால்லீங்க" என்று சொல்லிக்கொண்டே இலையை மறைப்பார். தொழுவத்தில் எருமை வழிமறித்து நின்றால், "கொஞ்சம் அக்கட்டால நில்லுங்க" என்பார். நானும் கோயமுத்தூர்க்காரிதான், கணபதியில் பிறந்து வளர்ந்தவள்தான். எங்கள் வீட்டிலும் மரியாதைக்குப் பஞ்சமில்லை. ஆனால் சத்தியமங்கலத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்து இந்த மனிதரோடு பழகிய பிறகுதான், மரியாதை என்பது ஆளை எந்த எல்லைவரை கொண்டுபோய் நிறுத்தும் என்று கண்ணால் பார்த்தேன். அவர் என்னை 'வாங்க, போங்க' என்பார். நான் அவரை 'வாங்க, போங்க' என்பேன். இருவரும் மாறி மாறி வழிவிட்டுக்கொண்டே வாசற்படியில் நின்றுவிடுகிற ஆட்கள்.

நாங்கள் கணபதியை விட்டு வந்தது அவருக்காகத்தான். மாமியார் இறந்தபின் மல்லிகைத் தோட்டத்துக்கும் வாழைக்கும் நடுவே அந்த ஓட்டு வீட்டில் அவர் தனியாக இருந்தார். என் கணவர் கணபதியில் மோட்டார் பம்பு உதிரிபாகம் செய்யும் லேத் பட்டறை வைத்திருந்தார். அதைப் பங்காளி கையில் ஒப்படைத்துவிட்டு ஊருக்கு வந்துவிடலாம் என்று முடிவெடுத்தோம். எனக்குப் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிற வேலை. கணினி இருக்கிற இடமே அலுவலகம். சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்த அன்று எனக்கு இருந்த குதூகலத்தைச் சொல்லி மாளாது. வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து கண்ணில் பட்ட வாழைத்தோப்பையெல்லாம் மகளுக்குக் காட்டிக்கொண்டே வந்தேன். கணவர் மட்டும் தரையில் கால் ஊன்றி நின்றார். வந்த முதல் நாள் மத்தியானச் சாப்பாட்டின்போதே அப்பாவின் முன்னால் விஷயத்தைப் போட்டு உடைத்தார். "பாப்பா இங்கே ஒரு பள்ளிக்கூடத்துல நெலைச்சுட்டான்னா இருக்கறோமுங்க அப்பா. இல்லைன்னா ஒரு வருசம் பாத்துட்டுக் கணபதிக்கே போயிர்றோம்." மாமனார், "ஆகட்டுங்க சாமி" என்றார். சொல்லிவிட்டு, ஏற்கெனவே ரசம் தேங்கி நின்ற இலையில் இன்னும் ரசத்தை ஊற்றிக்கொண்டார். அது ஓடித் தரையில் இறங்கியதை அவர் கவனிக்கவே இல்லை.

மகளின் சிக்கல் இதுதான். வீட்டில் அவள் வாய் ஓயாது. காலையில் கண் விழித்ததிலிருந்து பல்லி, பால்காரர், பக்கத்து வீட்டுப் பூனை என்று எதையும் விட்டுவைக்கமாட்டாள். பள்ளிக்கூட வாசலைத் தாண்டிவிட்டால் பூட்டுப் போட்டதுபோல் அடங்கிவிடுவாள். கணபதியில் அவள் போன மழலையர் பள்ளி மோசமில்லை, ஆசிரியைகளும் அன்பானவர்கள்தான். ஆனால் அங்கே அவள் ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. ஒருநாள் ஆசிரியை என்னைத் தனியாக அழைத்து, குழந்தைக்குப் பேச்சு வருமா என்று மெதுவாகக் கேட்டார். பேருந்தில் திரும்பி வரும்போது, எனக்கு மூச்சுவிட இடம் கொடுக்காமல் அவள் பேசிக்கொண்டே வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். நல்ல பள்ளிக்கூடம் எது என்றெல்லாம் நான் தேடவில்லை. இவள் வாய் திறக்கிற பள்ளிக்கூடம் எது என்பதுதான் எனக்குத் தேவை.

இப்படியாக, அந்தப் பங்குனி வெயிலில், கோடை விடுமுறை தொடங்குவதற்குள் பள்ளிக்கூடங்களைப் பார்த்துவிடுவது என்று கிளம்பினோம். மாமனார் இதைப் பெண் பார்க்கப் போகிற காரியமாகவே எடுத்துக்கொண்டார். ராகு காலம் பார்த்தார். சலவை வேட்டி கட்டினார். மகளை மொபெட்டில் முன்னால் நிறுத்தி, என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, வழியில் கண்டவர்களிடமெல்லாம், "பேத்திக்குப் பள்ளிக்கொடம் பாக்கப் போறமுங்க" என்று அறிவித்தபடியே ஓட்டினார். போகிற இடத்தில் அவர் பார்ப்பதெல்லாம் வேறு தினுசு. பாட முறையைப் பற்றி நான் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவர் கழிப்பறைப் பக்கம் போய் வந்துவிடுவார். மதிய உணவு நேரத்தில் டிபன் பாக்ஸ்களை எட்டிப் பார்ப்பார். மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வரும்போது வாசலில் நின்று முகங்களை உற்றுப் பார்ப்பார். "ஓடி வருதுகளா, ஒதுங்கி வருதுகளான்னு பாக்கோணுமுங்க அம்மணி" என்பார். எனக்கு இதெல்லாம் ஒரே கொண்டாட்டமாக இருந்தது. எத்தனையோ வருடமாக நான் அப்படிச் சிரித்ததில்லை.

டவுனில் அந்தப் பெரிய ஆங்கிலப் பள்ளிக்குப் போனபோது மட்டும் மாமனார் தண்ணீர் கேட்கவில்லை. சுத்திகரிப்பு இயந்திரம் வைத்திருந்தார்கள். தரை கண்ணாடி மாதிரி பளபளத்தது. வரவேற்பறையில் இருந்த பெண் என்னிடம் ஆங்கிலத்தில் பேச, நானும் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். மாமனார் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பறைகளில் பிள்ளைகள் கழுத்துப்பட்டி கட்டி, கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். சத்தமே இல்லை. மகள் என் சேலைத் தலைப்பைச் சுற்றிச் சுற்றி விரலில் முறுக்கிக்கொண்டு, நான் அசைந்தால் அசைந்து, நின்றால் நின்றாள். இது இவளுக்கு ஆகாத இடம் என்று அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. ஏனென்றால் மாமனார் பூரித்துப் போயிருந்தார். "ஜோரா இருக்குதுங்க! எவ்வளவு பெரிய கட்டடம் பாருங்க அம்மணி! வேனு நம்ம ஊட்டு வாசலுக்கே வருமாமுங்க!" என்றார். அப்புறம், என்ன நினைத்தாரோ, "உங்களுக்குப் புடிச்சிருக்குதுங்களா?" என்று கேட்டார். இவ்வளவு ஆசையோடு கேட்கிறவரிடம் நான் என்ன சொல்ல? "நல்லா இருக்குதுங்க மாமா" என்றேன். அன்று மாலையே அவர் தேநீர்க் கடையில் அந்தப் பள்ளியைப் பற்றிப் பெருமையாகப் பேசினார் என்று கணவர் வந்து சொன்னார்.

எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியை நாங்கள் பார்க்கப் போனதே, சும்மா ஒரு பேச்சுக்கு. அரசுப் பள்ளி, எங்கள் தோட்டத்து வரப்பிலிருந்து பார்த்தாலே ஓட்டுக்கூரை தெரியும். மற்ற பள்ளிகள் ஒன்பது மணிக்குமேல் கண் விழிக்கிறவை. இது விடியும்போதே விழித்துவிடும். மல்லிகை பறிக்கிற பெண்கள் இருட்டிலேயே தோட்டத்துக்குப் போய்விடுவதால், எழுந்த பிள்ளைகளைப் பார்க்க வீட்டில் ஆள் இருக்காது. ஆகவே பெரிய டீச்சர் என்று எல்லாரும் அழைக்கிற தலைமையாசிரியை வெகு சீக்கிரமாகவே வந்து வெளிக்கதவைத் திறந்துவிடுவார். நாங்கள் போனபோது பிள்ளைகள் புங்கமரத்தடியில் ஒருத்திக்கு ஒருத்தி தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வெள்ளாட்டுக் குட்டி யாரோ ஒருத்தியைப் பின்தொடர்ந்து வந்துவிட்டதாம். அதை மரத்தில் கட்டியிருந்தார்கள். பூப் பறித்த கையோடு அம்மாக்கள் வந்து பிள்ளைகளை எட்டிப் பார்த்துவிட்டுப் போனதால் அந்த இடம் முழுவதும் மல்லிகை வாசம்.

மகள் என் தலைப்பை விட்டாள். நான் அதை முதலில் கவனிக்கவில்லை. தோள் லேசானதுபோல் இருந்ததால் திரும்பிப் பார்த்தேன். அவள் ஆட்டுக்குட்டிக்கு அருகில் நின்றுகொண்டிருந்தாள். முன்பல் விழுந்த ஒரு பெண், "உங்கூட்டுல ஆடு இருக்குதா?" என்று கேட்டாள். மகள் இல்லையென்று தலையாட்டினாள். "எரும?" இருக்கிறது என்று தலையாட்டினாள். "முட்டுமா?" மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பதில் சொல்ல வாய் திறக்கிற மாதிரியே இருந்தது. அதற்குள் மணி அடித்துவிட்டது, எல்லாரும் கலைந்து ஓடினார்கள். இதுதான், இதே பள்ளிக்கூடம்தான், வேறெங்கும் போக வேண்டாம் என்று எனக்கு அந்த இடத்திலேயே கத்தத் தோன்றியது.

கத்தினேனா? இல்லை. வெளியே வந்ததும் மாமனார் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது கெடக்குதுங்க அம்மணி, எங்க போயிரப்போகுது. அந்தப் பெரிய பள்ளிக்கொடந்தான் உங்களுக்குத் தோதா இருக்குமுங்க" என்றார். அவருக்கு அதில்தான் மனசு என்று நான் புரிந்துகொண்டேன். பேத்தி கழுத்துப்பட்டி கட்டி வேனில் போவதை ஊர் பார்க்கட்டும் என்று ஒரு மனிதர் ஆசைப்படுகிறார். மனைவியை இழந்து இத்தனை காலம் தனியாகக் கிடந்தவர். அவர் ஆசையில் மண்ணைப் போட நான் யார்? "ஆமாங்க மாமா. அதுதான் பெருசுங்க" என்றேன். அவர், "உங்க இஷ்டமுங்க" என்றார். "உங்க இஷ்டந்தானுங்க மாமா" என்றேன் நான். கணவரிடம் போய்ச் சொன்னால், "நீங்க ரெண்டு பேரும் பாத்தது, நீங்க ரெண்டு பேருமே முடிவு பண்ணுங்க" என்று அவர் நழுவிக்கொண்டார். அடுத்த சில நாட்கள் வீட்டில் எங்கு பார்த்தாலும் 'உங்க இஷ்டம்'தான். குழம்பில் உப்புக் குறைந்தால்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நல்லா இருக்கிறது என்றோம்.

கடைசியில் மாமனார்தான் வழி கண்டுபிடித்தார். குலதெய்வத்திடம் பூக் கேட்டுவிடலாம் என்றார். எங்கள் பக்கத்தில் இது வழக்கம். கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, மனசு இரண்டு பட்டால் கோயிலுக்குப் போய்விடுவார்கள். ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, இன்னொன்றில் வெள்ளைப் பூ. இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்த பூ எதுவோ அதுவே உத்தரவு. "செவப்பு வந்துதுன்னா டவுன் பள்ளிக்கொடம், வெள்ளை வந்துதுன்னா நம்மூருப் பள்ளிக்கொடமுங்க. சாமி சொல்லிப்போட்டா யாருக்கும் சங்கடமில்லீங்க" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. யார் மனமும் நோகாமல் வெள்ளைப் பூ வந்துவிட்டால் போதும். கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் வெள்ளை, வெள்ளை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

அன்று அமாவாசை. கோயிலில் பங்காளிகள், உறவுக்காரர்கள், பொங்கல் வைக்க வந்தவர்கள் என்று நல்ல கூட்டம். எங்கள் கோயிலில் பொட்டலம் கட்டுகிற பொறுப்பைப் பூசாரி, பூக் கேட்க வந்த வீட்டின் பெரியவரிடமே விட்டுவிடுவார். மாமனார் தூணுக்குப் பின்னால் போய், கொண்டுவந்திருந்த அரளிப் பூக்களை வாழையிலையில் வைத்து மடித்து, நாரால் கட்டிக்கொண்டு வந்தார். பூசாரி அவற்றை அம்மன் முன்னால் உருட்டிவிட்டு மணியடித்தார். மகளை எடுக்கச் சொன்னார்கள். அவள் பயந்தபடியே போய் ஒன்றை எடுத்துப் பூசாரி கையில் கொடுத்தாள். பிரித்தார். சிவப்பு. கூட்டம், "நல்லதுங்க, நல்லதுங்க" என்றது. சிரிக்க முயன்றேன். மாமனாரும் சிரித்தார். ஆனால் அவர் சிரிப்பும் சரியாக இல்லை என்று எனக்குப் பட்டது.

அதற்குள் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. மகள் குனிந்து இரண்டாவது பொட்டலத்தையும் எடுத்துவிட்டாள். பொட்டலம் என்றால் பிரித்துப் பார்க்கத்தானே வேண்டும், ஐந்து வயதுக்கு வேறென்ன தெரியும்? நாரைப் பல்லால் கடித்து இழுத்தாள், இலையைப் பிரித்தாள். அத்தனை கூட்டத்துக்கு நடுவில், மணிச் சத்தம் ஓய்ந்த அமைதியில், தாத்தாவைப் பார்த்து உரக்கக் கூவினாள்: "அப்பாரு, இதுலயும் செவப்புத்தான் இருக்குது! வெள்ளைப் பூ எங்க அப்பாரு?"

மாமனாரின் காது மடல் வரை சிவந்துவிட்டது. "சாமியே ரெண்டையும் செவப்பாக்கிப்போட்டாளாட்ட இருக்குதுங்க" என்று பூசாரியிடம் சொல்லிப் பார்த்தார். பூசாரி அவரை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். மாமனார் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு டவுன் பள்ளிக்கொடம் புடிச்சிருக்குதுன்னு சொன்னீங்கல்லங்க அம்மணி. வெள்ளைப் பூ வந்து, புடிக்காத பள்ளிக்கொடத்துல சேத்தோணும்னு ஆகிப்போச்சுன்னா, நீங்க எல்லாரும் கணபதிக்கே போயிருவீங்களேன்னுதானுங்க." நான், "அய்யோ மாமா, எனக்கு நம்மூருப் பள்ளிக்கூடந்தானுங்க புடிச்சுது! உங்களுக்கு டவுன்லதான் ஆசைன்னு நெனச்சுட்டேனுங்க!" என்றேன். "எனக்குங்களா?" என்று அவர் நிஜமாகவே திடுக்கிட்டார். "வரப்புல நின்னாப் புள்ளையப் பாத்துக்கலாமுன்னு நான் அந்தப் புங்கமரத்தையேதானுங்க பாத்துட்டு வந்தேன்!" முதலில் பூசாரி சிரித்தார். பிறகு கோயிலே சிரித்தது. மாமனார் அம்மன் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தப்பா நெனச்சுக்காதீங்க தாயி" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இத்தனை பேருக்கு முன்னால் என் மகள் வாய் திறந்துவிட்டாள் என்பது அதற்கும் பிறகுதான் உறைத்தது. அவளைத் தூக்கிக்கொண்டு முத்தமாகக் கொடுத்தேன்.

எல்லாம் சுபம் என்று இங்கே முடித்துவிட ஆசைதான். ஆனால் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அவள் மறுபடி ஊமையாகிவிட்டாள். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை, ஒழுங்காகப் போனாள், வந்தாள். பேசவில்லை. "கொஞ்ச நாள் ஆகட்டுங்க" என்றார் பெரிய டீச்சர். கணவர் பட்டறையைப் பற்றிப் பங்காளியோடு போனில் பேசுவது அதிகமாயிற்று. மாமனார் சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டுக்கு மல்லிகையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, நேர் வழியை விட்டுப் பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார். வேலி ஓரமாக மொபெட்டை நிறுத்தி, சக்கரத்தில் ஏதோ கோளாறு மாதிரி குனிந்து பார்ப்பாராம். பிள்ளைகளெல்லாம் அந்த வண்டி தினமும் அதே இடத்தில் பழுதாவதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று டீச்சர் பிறகு சொன்னார். வீட்டுக்கு வந்தால் அவர் எதுவும் கேட்கமாட்டார். என் முகத்தை ஒருமுறை பார்ப்பார். நான் இல்லையென்று தலையசைப்பேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

ஆடி பிறந்து காற்று வாழை இலைகளைக் கிழிக்கத் தொடங்கியிருந்த ஒரு சாயங்காலம், பெரிய டீச்சரே எங்கள் தோட்டத்துக்கு வந்தார். நடந்து வந்த வேகத்திலேயே ஏதோ கோபம் தெரிந்தது. மாமனார் மடையைத் திருப்பிக்கொண்டிருந்தார். கையில் சேற்றோடு எழுந்து நின்றார். "ஏனுங்க, உங்க பேத்திகிட்ட நீங்களாச்சும் சொல்லுங்க. காலைல ஆரம்பிச்சா வாயை மூடறதே இல்லீங்க. உங்கூட்டு எருமை கதையச் சொல்லிச் சொல்லி ஒரு பொடுசையும் பாடம் கவனிக்க உடமாட்டேங்கறா" என்றார். மாமனார் காதில் விழாதவர்போல் நின்றார். "இன்னொருக்காச் சொல்லுங்க டீச்சர்" என்றார். டீச்சர் எரிச்சலோடு மறுபடியும் சொன்னார். "எச்சாப் பேசறாளுங்களா?" "ரொம்ப எச்சுங்க!" என்றார் டீச்சர். மாமனார் சேற்றுக் கையோடு கும்பிட்டார். வீட்டுப் பக்கம் ஓடிவந்து, "அம்மணீ! புகார் வந்திருக்குதுங்க! புகார்!" என்று கூவினார். நான் கணினியை அப்படியே விட்டு வெளியே ஓடினேன். டீச்சருக்கு எங்கள் இருவரையும் பார்த்து என்ன தோன்றியதோ தெரியாது. கண்டிக்க வந்தவருக்குக் காப்பியும் பலகாரமும் கொடுத்து, ஒரு சீப்புப் பழமும் கட்டிக்கொடுத்து அனுப்பினோம்.

டீச்சர் போனபின் மாமனார் கையைக் கழுவிவிட்டு வந்து, வாசலில் நின்று வீட்டின் சுவரை மேலும் கீழுமாகப் பார்த்தார். காரை பெயர்ந்து, நிறம் என்று சொல்ல ஒன்றுமே இல்லாத சுவர். "உங்க அத்தை போனப்பறம் இதுக்குப் பெயிண்டே அடிக்கலீங்க அம்மணி. ஒத்த ஆளுக்கு எதுக்குன்னு உட்டுப்போட்டேன். இப்ப அடிச்சுப்போடலாமுங்களா?" அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. "அடிச்சுப்போடலாமுங்க மாமா" என்றேன். அவர் மெதுவாகத் தலையாட்டினார். கண்ணைத் துண்டால் ஒற்றிக்கொண்டு, "என்ன கலருங்க அடிக்கலாம்?" என்றார்.

உங்க இஷ்டமுங்க மாமா என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினேன். "நீலமுங்க மாமா. நல்லா அடர்த்தியா" என்றேன்.

மாமனார் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் வாயால் நான் கேட்டிராத அந்தச் சொல்லைச் சொன்னார். "நீலம் வேண்டாமுங்க அம்மணி. எனக்குப் புடிக்காது."

மகள் இப்போது நான்காம் வகுப்புக்கு வந்துவிட்டாள். புகாரும் நிற்காமல் வந்துகொண்டுதான் இருக்கிறது. எங்கள் வீடு மஞ்சளாக இருக்கிறது. கண்ணைக் குத்துகிற மஞ்சள். வருகிறவர்களிடமெல்லாம் நான் அந்த நிறத்தைத் திட்டித் தீர்க்கிறேன், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.